முடிவு தெரிந்த கதைக்கு ஏன் விடிய விடிய உட்காருகிறோம்?

மாயக்கதைத் தொடர் ஒன்றில் விழுந்துவிட்ட வாசகரிடம் காரணம் கேட்டால், "அடுத்து என்ன ஆகும்னு தெரிஞ்சாகணும்" என்பார். பத்திரிகைக்காரர்களின் நம்பிக்கையும் அதுதான். 'தொடரும்' என்று அச்சடித்தே தமிழ் வார இதழ்கள் பல பத்தாண்டுகள் பிழைத்தன. 1950 முதல் 1954 வரை கல்கியில் 'பொன்னியின் செல்வன்' வந்த காலத்தை இன்றும் பெரியவர்கள் அந்த வாராந்தரக் காத்திருப்பை வைத்துத்தான் நினைவுகூர்கிறார்கள். உளவியலிலும் இதற்கு ஒரு சான்று காட்டுவார்கள்: பாதியில் நிறுத்தப்பட்ட வேலைதான் முடிந்த வேலையைவிட மனதில் தங்குகிறது என்று 1927இல் ப்ளூமா ஸைகார்னிக் வெளியிட்ட ஆய்வு. பின்னால் அதைத் திரும்பச் செய்துபார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. அது பற்றிக் கதைத் தொழில் கவலைப்பட்டதும் இல்லை.

தாமிரபரணிக் கரையில் இந்த விளக்கம் நிற்காது. கொடை விழாவில் சுடலைமாடன் கதை கேட்க வந்து பந்தலில் உட்காருகிறவர்களுக்கு அந்தக் கதை பிறந்த நாள் முதலே தெரியும். பார்வதி விளக்குச் சுடரை ஏந்தியதில் பிறந்த பிள்ளை, நள்ளிரவில் சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்றது, கைலாசத்தை விட்டு இறக்கப்பட்டது, மலையாளத்து மந்திரவாதி காளிப் புலையனோடும் அவன் மகள் மாவிசக்கியோடும் அதற்கு நேர்ந்த வழக்கு என்று எல்லாமே தெரியும். போன வருஷமும் கேட்டார்கள், அடுத்த வருஷமும் கேட்பார்கள். ஆனாலும் குடமும் உடுக்கையும் சேர்ந்து வீசுகோல் வில்லில் விழத் தொடங்கினால் எழுந்து போவதில்லை. ஆவலைத் தூண்டுவது முடிவு தெரியாமை மட்டும்தான் என்றால், நெல்லைச் சீமையில் வில்லுப்பாட்டு என்றைக்கோ ஓய்ந்திருக்க வேண்டும்.

பின் எது பிடித்து வைக்கிறது? இந்த வில்லுப்பாட்டு மரபை நேரில் ஆராய்ந்து 1988இல் நூலாக வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், கதைகளைத் தெய்வமாகவே பிறந்தவர்களின் கதை என்றும், வெட்டுப்பட்டு மாண்டு தெய்வமானவர்களின் கதை என்றும் இரண்டாகப் பிரித்தார். எந்தக் கட்டத்தில் சாமி வந்து ஆடுகிறது என்பதையும் கவனித்தார். நள்ளிரவுச் சாமக்கொடையின் நேரமும் கதையின் உச்சமும் ஒன்றோடொன்று பொருந்தி வரும்படி புலவர் பாட்டை நீட்டுவார், சுருக்குவார். கேட்கிறவர் காத்திருப்பது ஒரு தகவலுக்காக அல்ல, தெரிந்த ஓர் இடத்துக்குப் போய்ச் சேருவதற்காக. ஏழாம் புத்தகத்தை முடித்த கையோடு ஹாரி பாட்டரின் முதல் புத்தகத்தை மறுபடி எடுக்கும் பள்ளிப்பிள்ளையும் இதையே செய்கிறது. ஒரு தொடருக்கு அடிமையானவரை அடையாளம் காண, எத்தனை வேகமாகப் படித்தார் என்று பார்ப்பதில் பயனில்லை. எத்தனை முறை படித்தார் என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம் உலகத்தின் பரப்பு. காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு ஆடி அமாவாசை சமயத்தில் போனவர்களுக்கு இது விளங்கும். களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் குடில் போட்டுத் தங்கும் கூட்டம் அய்யனாரை மட்டும் கும்பிட்டுவிட்டுத் திரும்புவதில்லை. சங்கிலி பூதத்தார் இருக்கிறார், பட்டவராயன் இருக்கிறார், ஒவ்வொருவருக்கும் தனிக் கதை உண்டு. ஒரு கதையில் ஓரமாக நிற்கிற தெய்வம் இன்னொரு கதையில் நாயகன். இன்றைய திரைப்பட நிறுவனங்கள் பெருஞ்செலவில் கட்டியெழுப்பும் கூட்டுக் கதையுலகம் இங்கே எந்த நிறுவனத்தின் திட்டமும் இல்லாமல் பல தலைமுறைகளாக வளர்ந்து நிற்கிறது. ஒரு கதையைக் கேட்டு முடித்தாலும் உலகம் முடிவதில்லை. அடுத்த பீடத்தில் நிற்பவர் யார் என்ற கேள்வி பாக்கியிருக்கும்.

இவர்களில் பட்டவராயன் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பட்டவராயன் ஆகுமுன் அவன் முத்துப்பட்டன் என்ற பிராமணன். பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கையர் மீது ஆசைகொண்டு, அவர்கள் தகப்பன் வாலப்பகடை வைத்த நிபந்தனையை ஏற்று, பூணூலையும் குடுமியையும் துறந்து செருப்புத் தைக்கிறான். மாடு பிடிக்க வந்த கள்ளர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பெண்கள் இருவரும் அவன் சிதையில் ஏறுகிறார்கள். இன்றும் அந்தச் சன்னதியில் நேர்த்திக்கடனாகத் தோல் செருப்பு கட்டுகிறார்கள். கட்டிய செருப்பு நாளாக ஆகத் தேய்ந்திருக்கும், பட்டவராயன் அதைப் போட்டுக்கொண்டு காட்டில் நடமாடுகிறார் என்பது நம்பிக்கை. கதையின் பாத்திரம் கதைக்கு வெளியே வந்து ஒரு பொருளைப் பயன்படுத்துகிறது, அதற்கான தடயமும் கண்ணுக்குத் தெரிகிறது. இதைவிட வலுவாக வாசகனைக் கட்டிப்போடும் உத்தியை எந்த மாயக்கதை எழுத்தாளரும் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கதையைப் பதிப்பித்தவர் நாங்குநேரியில் பிறந்து பாளையங்கோட்டையில் வாழ்ந்த பேராசிரியர் நா. வானமாமலை. நெல்லை ஆய்வுக்குழுவையும் 'ஆராய்ச்சி' இதழையும் நடத்தியவர். கதையின் பாட வேறுபாடுகளில் ஒன்றை அவர் சுட்டிக்காட்டியிருக்கிறார்: ஒரு வடிவத்தில் அந்தப் பெண்கள் பகடையின் சொந்த மக்கள், இன்னொன்றில் காட்டில் கிடந்து அவனால் எடுத்து வளர்க்கப்பட்ட பிராமணக் குழந்தைகள். கதையில் மயங்கியவர்கள் சும்மா இருப்பதில்லை, அதைத் தங்கள் கையில் எடுத்துத் திருத்துகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தத் திருத்தத்தின் நோக்கம் எனக்கு உவப்பானது அல்ல. சாதி மீறலைக் கதையிலிருந்து துடைத்தெடுக்கும் வேலை அது. ஆனால் எது அசல் கதை என்று இத்தனை காலம் மல்லுக்கட்டும் அளவுக்கு ஒரு கூட்டம் ஒரு பாத்திரத்தோடு ஒட்டிப்போயிருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது.

பாட்டில் நடந்தது அச்சிலும் நடந்தது. பி. இரத்தின நாயகர் அன் சன்ஸ், ஆர். ஜி. பதி கம்பெனி போன்ற சென்னைப் பதிப்பகங்கள் வெளியிட்ட 'பெரிய எழுத்து' விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் ஊருக்கு ஊர் திருவிழாக் கடைகளில் விற்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒருவர் வாசிக்க, திண்ணையில் பத்துப் பேர் கேட்பதற்கு வாகான எழுத்து அது. அரியணையேறும் படிகளில் 32 பதுமைகள், பதுமைக்கு ஒரு கதை. பிறகு 1947இல் பி. நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய 'அம்புலிமாமா' வேதாளத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த வேதாளக் கதையின் விதியை எண்ணிப் பாருங்கள். விடை தெரிந்தும் அரசன் பேசாமல் இருந்தால் அவன் தலை வெடிக்கும். பேசினால் மௌனம் கலைந்து வேதாளம் முருங்கை மரத்துக்கே போய்விடும். இரண்டே வரியில் அடங்கும் இந்தச் சட்டம்தான் தொடரை ஓட்டிய எந்திரம். வடமொழி மூலத்தில் 25 கதைதான். அம்புலிமாமாவில் அது மாதாமாதம் பல ஆண்டுகள் நீண்டது. வாளோடு பிணத்தைத் தோளில் சுமந்து நடக்கும் அரசனை வரைந்த ஓவியர் சங்கர் 2020இல் மறைந்தபோது, கதைகளில் ஒன்றைக்கூட முழுதாக நினைவில் வைத்திராதவர்களும் அந்தப் படத்தை நினைவில் வைத்திருந்தார்கள்.

மாயம் வாசகனைப் பிடிப்பது அதன் ஆற்றலால் அல்ல, அதற்குப் போடப்பட்ட எல்லையால். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். வேதாளத்துக்கு எல்லை உண்டு. சுடலைக்கும் உண்டு, வரம் பெற்றவன், ஆனால் கைலாசத்தில் அவனுக்கு இடமில்லை, படையலும் நிலையமும் மனிதரிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். எதையும் செய்யக்கூடிய தெய்வத்துக்குக் கதை கிடையாது, தோத்திரம்தான் உண்டு.

இதற்கு நம் பக்கத்து அச்சுக்கூடத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. சிவகாசி 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவோடு இருந்த ஊர். அங்கே 1972இல் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முல்லை தங்கராசன் அதன் ஆசிரியர். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. மூலம், 1962இல் வேலியண்ட் என்ற பிரிட்டிஷ் வார இதழில் தொடங்கிய தொடர். மின்சாரம் பாய்ந்தால் நாயகன் உடல் மறையும், இரும்புக் கை மட்டும் மறையாது. அந்தரத்தில் தெரியும் அந்த ஒற்றைக் கைதான் தொடரின் மொத்தக் கவர்ச்சி. அதுவும் மறைந்துவிட்டால் அவன் எல்லா இடத்திலும் ஜெயித்துக்கொண்டே போவான், படிக்க ஒன்றும் இருக்காது. பிரிட்டனில் முந்தைய தலைமுறையின் நினைவாக ஒதுங்கிவிட்ட அந்த நாயகன் தமிழில் மறுபதிப்பு மேல் மறுபதிப்பு காண்கிறான். பழைய இதழ் ஒன்றுக்கு அட்டை விலையைப் போலப் பல மடங்கு கொடுக்கும் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். 1984இல் லயன் காமிக்ஸைத் தொடங்கிய எஸ். விஜயன் வாசகர்களோடு இதழ் வழியாகவே பேசி, வாதாடி, திட்டும் வாங்கி ஒரு குடும்பத்தை உண்டாக்கினார். கொடைக்கு வரி கொடுக்கும் குடும்பங்களுக்கும் இவர்களுக்கும் உரிமை கொண்டாடுவதில் பெரிய வித்தியாசமில்லை.

மாயக்கதை படிப்பவர்கள் நிஜத்தை விட்டுத் தப்பியோடுகிறவர்கள் என்ற குற்றச்சாட்டு பழையது. டோல்கீன் 1939இல் ஆற்றிய உரை ஒன்றில் இதற்குப் பதில் சொன்னார்: சிறையில் இருப்பவன் வெளியே போக நினைப்பதில் என்ன தவறு என்று கேட்டார். பதில் அழகானதுதான், நம் ஊருக்குப் பொருந்தாது. இங்கே கேட்பவர் எங்கும் தப்பிப் போவதில்லை. கதைதான் அவர் தெருவுக்கு வருகிறது. டோல்கீனின் உலகத்துக்குள் நுழையப் புத்தகத்தில் வரைபடம் வேண்டும். சீவலப்பேரிச் சுடலையிடம் போக பாளையங்கோட்டையில் பஸ் ஏறினால் போதும்.

இத்தனை இருந்தும் அச்சில் ஒரு நெல்லை மாயக்கதைத் தொடர் ஏன் எழவில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை. நாட்டார் தெய்வங்கள் நம் நாவல்களில் வராமல் இல்லை. வருகிறபோது திகிலுக்கோ மண்வாசனைக்கோ வருகின்றன. ஓர் அத்தியாயம் ஆடிவிட்டுப் போய்விடுகின்றன. அவற்றின் விதிகளை நம்பி எழுதுகிறவர்கள் குறைவு. மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. வானமாமலை பதிப்பித்தவை இருக்கின்றன. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை சேகரித்தவை இருக்கின்றன. மந்திரக்கோல் பள்ளியைத் தமிழில் வாங்கிப் படித்த தலைமுறை இப்போது எழுதும் வயதில் இருக்கிறது. அதில் ஒருவர் முத்துப்பட்டனை எடுத்து எழுதத் துணிந்தால், அந்தப் பெண்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று முதல் அத்தியாயத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். எந்தப் பக்கம் முடிவு செய்தாலும் சண்டைக்கு ஆள் வரும்.