மோசடிக்கும் காப்பீடு உண்டா?

2013இல் டோல் ஃபுட் நிறுவனத்தின் தலைவர் டேவிட் மர்டாக், தம்மிடம் இல்லாத பங்குகளையும் பங்கொன்று 13.50 டாலருக்கு வாங்கி நிறுவனத்தை முழுதாகத் தம் கைக்குக் கொண்டுவந்தார். பங்குதாரர்கள் சார்பில் விலை பேச அமைந்த குழுவிடம் வேண்டுமென்றே குறைத்துக் காட்டிய லாபக் கணிப்புகள் தரப்பட்டிருந்தன. மோசடி நடந்தது என்று 2015இல் டெலவேர் நீதிமன்றம் சொன்னது. மர்டாக்கும் உயர் அதிகாரி ஒருவரும் தர வேண்டிய இழப்பீடு ஏறத்தாழ 14.8 கோடி டாலர். இறுதித் தீர்ப்பாணை வருமுன் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

இயக்குநர்கள், உயர் அதிகாரிகளுக்கான பொறுப்புக் காப்பீட்டை டோல் அடுக்கடுக்காக எடுத்திருந்தது. மேலடுக்கு ஒன்றில் 1 கோடி டாலருக்குப் பொறுப்பேற்றிருந்த ஆர்.எஸ்.யூ.ஐ. நிறுவனம் பணம் தர மறுத்தது. பாலிசி கலிஃபோர்னியாவில் பேசி முடிக்கப்பட்டது, டோலின் தலைமையகமும் அங்கேதான் இருந்தது. அம்மாநிலக் காப்பீட்டுச் சட்டத்தின் 533ஆம் பிரிவோ, காப்பீடு பெற்றவர் வேண்டுமென்றே செய்ததால் வந்த இழப்புக்குக் காப்பீட்டாளர் பொறுப்பல்ல என்கிறது. ஆனால் டோல் பதிவானது டெலவேரில். எந்த மாநிலச் சட்டம் என்பதே வழக்கின் முதல் கேள்வியானது. 2021 மார்ச்சில் டெலவேர் உச்ச நீதிமன்றம் தன் மாநிலச் சட்டத்தைத் தேர்ந்தது. மோசடிக்கும் காப்பீடு செல்லும் என்றது.

சட்டத் தேர்வு சரி என்றே நினைக்கிறேன். இந்த பாலிசி கட்டடத்துக்கோ சரக்குக்கோ எடுத்ததல்ல. இயக்குநரின் கடமை மீறலுக்கு எடுத்தது. அந்தக் கடமையை விதிப்பது டெலவேர் சட்டம். தலைமையகம் நாளை டெக்சாஸுக்குப் போனாலும் கடமை மாறாது; காப்பு மட்டும் மாறுவது முறையல்ல.

மோசடிக்கும் காப்பு என்பதற்கு நீதிமன்றம் பிடித்துக்கொண்ட ஆதாரம் டெலவேர் நிறுவனச் சட்டத்தின் 145(g). நிறுவனமே ஈடுசெய்ய அதிகாரம் உண்டோ இல்லையோ, அதிகாரிகளுக்காகக் காப்பீடு வாங்கலாம் என்கிறது அது. இங்கேதான் எனக்கு நெருடல். வாங்கலாம் என்ற அனுமதி எதையும் காப்பீடு செய்யலாம் என்பதாகிவிடுமா? அந்தத் தாண்டல் பெரிது. பிரீமியம் நிறுவனப் பணம், அதாவது பங்குதாரர் பணம். ஏமாற்றப்பட்டவர் காசிலேயே ஏமாற்றியவருக்குக் குடை பிடிப்பதை இவ்வளவு எளிதாகக் கடந்திருக்கக் கூடாது.

ஆனாலும் ஆர்.எஸ்.யூ.ஐ. தோற்றது நியாயமே. மோசடியை விலக்கும் பிரிவு பாலிசியிலேயே இருந்தது. மேல்முறையீட்டுக்கு இடமில்லாத இறுதித் தீர்ப்பு, அதுவும் அடிப்படை வழக்கிலேயே வந்தால்தான் அது செயல்படும் என்று எழுதியிருந்தார்கள். சமரசம் அந்த வாசலை அடைத்துவிட்டது. கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடந்த இன்னொரு பங்குதாரர் வழக்கும் 7.4 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அங்கே தீர்ப்பே இல்லை. காப்பீட்டாளர் தனி வழக்குப் போட்டு மோசடியை நிறுவ, பிரிவில் இடம் வைத்திருக்கலாம். வைக்காமல் பிரீமியம் வாங்கிக்கொண்டு, பணம் தரும் நாளில் பொதுநலம் பேசியதை நீதிமன்றம் ஏற்காதது சரி. 145(g)யைத் தொடாமல் பாலிசியின் சொற்களை மட்டும் வைத்து விலக்குப் பிரிவைத் தீர்த்து, மோசடிக் காப்பின் எல்லையைச் சட்டமன்றத்துக்கு விட்டிருந்தால் இந்தத் தீர்ப்பை முழுதாக ஏற்றிருப்பேன்.