ஊர் மன்றமும் தலைநகர் அரங்கும்

நாடகத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் நடிக்கும் நாடகத்தை எந்த அளவுகோலால் அளப்பது? இவ்வினாவுக்கு நம்மிடையே வழங்கும் விடைகள் இரண்டு. பகலெல்லாம் கடையிலும் பள்ளியிலும் உழைத்துவிட்டு, இரவில் கண்விழித்து ஒத்திகை பார்த்தவர்களைக் குறை சொல்லலாகாது என்பது ஒன்று. தொழில் அறியாதார் மேடையேறுவதே தவறு என்பது மற்றொன்று. முன்னது இரக்கம், பின்னது இறுமாப்பு. இரண்டும் திறனாய்வு ஆகா. இவ்விரண்டுக்கும் இடம் கொடாமல், அமெச்சூர் நாடகத்தை அதற்குரிய மதிப்போடு நிறுத்துப் பார்க்கும் முறையொன்றை அயர்லாந்து நாட்டு மக்கள் எழுபதாண்டுகளுக்கு மேலாகப் பேணி வருகின்றனர். அம்முறையையும், அதன் பயனாய் உலகறிந்த ஒரு நாடகத்தையும் ஈண்டு ஆராய்வோம்.

அயர்லாந்தின் நடுவே, ஷானன் ஆற்றங்கரையில் அத்லோன் என்னும் நகரம் உள்ளது. 1953-ஆம் ஆண்டு முதல் அங்கே அகில அயர்லாந்து நாடக விழா நடைபெற்று வருகிறது. நாடெங்கும் உள்ள சிற்றூர்க் குழுக்கள் முதலில் வட்டார விழாக்களில் போட்டியிடும். அவற்றுள் தேர்ந்தவை அத்லோனில் கூடும். நாடகம் முடிந்து திரை விழுந்ததும் மக்கள் எழுந்து போய்விடுவதில்லை. நடுவர் மேடையேறுகிறார். நடிப்பு, இயக்கம், காட்சியமைப்பு, ஒளி ஆகியவற்றை ஒவ்வொன்றாய் எடுத்து, நிறைகுறைகளை அவையறியச் சொல்கிறார். இவ்வாறு தம் உழைப்பு பலர்முன் நிறுக்கப்படுவதைக் குழுவினர் இழிவாகக் கருதுவதில்லை. குறையே சொல்லாமல் கைதட்டி அனுப்புவது அவர்களைக் குழந்தைகளாக எண்ணுவதாகும். குறையைக் காரணத்தோடு சொல்வதே அவர்களைக் கலைஞர்களாக ஏற்பதாகும்.

இத்தகைய விழா அந்நாட்டில் வேரூன்றியதற்குக் காரணங்கள் இருந்தன. ஏறக்குறைய ஒவ்வோர் ஊரிலும் ஒரு மன்றக் கூடம் இருந்தது. அயர்லாந்துத் தொலைக்காட்சி 1961-ஆம் ஆண்டின் இறுதி நாளில்தான் தொடங்கிற்று. கிறித்தவர்களின் தவக்காலத்தில் நடனக் கூடங்கள் மூடப்பட்டுக் கிடக்க, அந்த இரவுகளை நாடகம் நிரப்பிற்று. மற்றொரு காரணம் துயரமானது. 1950-களில் மட்டும் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் பிழைப்புத் தேடி அந்நாட்டைவிட்டு வெளியேறினர். எஞ்சியிருந்தோர் தம் ஊர் இன்னும் உயிரோடிருக்கிறது என்று தமக்கே உணர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. கடலுக்கு அப்பால் பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஊர்காத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

கெர்ரி மாவட்டத்தைச் சேர்ந்த லிஸ்டோவெல் என்னும் சிற்றூரில் மதுக்கடை நடத்தி வந்தவர் ஜான் பி. கீன். 1928-இல் பிறந்த அவர், இங்கிலாந்தில் கூலிவேலை செய்து திரும்பியவர். தம் ஊர்க்குழுவினர் நடித்த வேறொருவர் நாடகத்தைப் பார்த்த தூண்டுதலால் எழுத அமர்ந்தார். அவ்வாறு உருவானது ‘சைவ்’ என்னும் நாடகம். அதனை டப்ளின் தலைநகரில் உள்ள தேசிய நாடகசாலையாகிய ஆபிக்கு அனுப்பினார். ஆபி அதனை ஏற்கவில்லை. லிஸ்டோவெல் குழுவினர் 1959 பிப்ரவரியில் தம் ஊரிலேயே அதனை அரங்கேற்றினர்; விழா விழாவாக எடுத்துச் சென்றனர்; அதே ஆண்டு அத்லோனில் முதற்பரிசு பெற்றனர். அதன்பின், நாடகத்தை மறுத்த அதே ஆபி, ஊர்க்குழுவினரைத் தலைநகருக்கு அழைத்து ஒரு வாரம் நடிக்கச் செய்தது.

இதில் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1904-இல் திறக்கப்பட்ட ஆபி நாடகசாலையே அமெச்சூர் நடிகர்களிடமிருந்து பிறந்ததாகும். ஃபே சகோதரர்கள் இருவர், அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதில் நடத்திய குழுவே அதன் வித்து. வித்தை மறந்த மரம் வித்தைப் பழித்தது. எந்த நிறுவனமும் ஐம்பது ஆண்டு நிலைத்துவிட்டால், தான் புறப்பட்ட வாசலை மூடத் தலைப்படுகிறது.

நாடகத்தின் கதை எளிது. தாயை இழந்த இளம்பெண் சைவ், தாய்மாமன் மைக்கின் வீட்டில் வளர்கிறாள். மாமி மீனாவுக்கு வறுமையும் பிள்ளையின்மையும் சேர்ந்து மனம் கசந்திருக்கிறது. தாமஷீன் என்னும் கல்யாணத் தரகன், நிலபுலமுள்ள கிழவர் ஒருவருக்கு அவளைப் பேசி முடிக்கிறான். பெண்ணைக் கொடுப்போருக்கும் தரகனுக்கும் பணம் கிடைக்கும். சைவ் விரும்பும் இளைஞன் எழுதிய கடிதம் அவள் கைக்கு வராமலே நெருப்புக்கு இரையாகிறது. திருமணத்துக்கு முந்தைய இரவில் அவள் வீட்டைவிட்டு ஓடிச் சதுப்பு நிலத்தில் வீழ்ந்து மாள்கிறாள். உயிரற்ற உடலை அவ்விளைஞனே ஏந்திவந்து மேசைமீது கிடத்துகிறான்.

பெண்ணின் இசைவின்றி அவளை மணமுடித்தல் எத்துணைக் கொடிது என்பதை நம் வாசகர்க்கு நாடகம் வந்துதான் சொல்ல வேண்டுமென்பதில்லை. தம் விருப்பமின்றித் தந்தையார் செய்துவைத்த நிக்காஹைப் பற்றி முறையிட்ட கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களின் திருமணத்தை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இரத்துச் செய்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. எனினும், சட்டம் தெரிந்திருத்தல் வேறு. அச்சட்டத்தை மீறிய வீட்டின் அடுப்பங்கரையில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருத்தல் வேறு. நாடகம் செய்யும் பணி பின்னது.

அவ்வடுப்பங்கரையை லிஸ்டோவெல் குழுவினர் நேரில் அறிந்திருந்தனர் என்பதே அவர்தம் வலிமை. பெரும்பஞ்சத்துக்குப் பின் அயர்லாந்துச் சிற்றூர்களில் நிலத்தைத் துண்டாக்காமல் ஒரே மகனுக்கு விடும் வழக்கம் ஓங்கியது. அம்மகன் நிலம் கைக்கு வரும்வரை மணம் செய்ய இயலாது. முதிர்ந்தபின் தரகர் வழியே பெண் தேடுவான். மேடையில் தரகனாக நின்றவரும், எதிரே அமர்ந்திருந்தவரும் இவ்வழக்கம் நிலவிய ஊர்களில் வளர்ந்தவர்கள். தலைநகர் நடிகர் கற்றுத்தான் பேச வேண்டிய கெர்ரி நாட்டு வழக்கு இவர்களுக்குத் தாய்ப்பால். ஆபி ஏட்டில் படித்தபோது புலப்படாத உயிர், அத்லோன் மேடையில் புலப்பட்டதற்கு இதுவே காரணமாகலாம்.

ஏடு வேறு, மேடை வேறு என்பதற்கு அரபு இலக்கிய வரலாறே சான்று. அரிஸ்டாட்டிலின் கவிதையியலைப் பத்தாம் நூற்றாண்டில் அரபுக்குக் கொணர்ந்த அபூ பிஷ்ர் மத்தா, துன்பியல் நாடகத்தை ‘மதீஹ்’ என்னும் புகழ்ப்பாவாகவும், இன்பியல் நாடகத்தை ‘ஹிஜா’ என்னும் வசைப்பாவாகவும் பெயர்த்தார். பேரறிஞர் இப்னு ருஷ்தும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவ்வழியே பொருள் கண்டார். அறிவுக் குறையன்று அது. கிரேக்க மேடையைக் கண்ணால் காணும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. பின்னர் 1847-இல், இத்தாலியில் நாடகம் கண்டு திரும்பிய மாரூன் அந்நக்காஷ் என்னும் வணிகர், பெய்ரூத்தில் தம் இல்லத்திலேயே உற்றார் நண்பரைக் கொண்டு ‘அல்பகீல்’ நாடகத்தை நடத்தினார். புதிய அரபு நாடகம் அவ்வாறு ஒரு வீட்டு முற்றத்தில், தொழில்நடிகர் எவருமின்றிப் பிறந்தது.

இனி, குறைகளையும் கூற வேண்டும். கூறாவிடின் மேலே சொன்ன நடுவர்முறையைப் போற்றியது பொய்யாகும். ‘சைவ்’ குற்றமற்ற நாடகமன்று. கதை முடிவை நோக்கி விரையும்போது தற்செயல்கள் மிகுகின்றன; ஒரு கடிதம் எரிந்ததில் ஓருயிர் போவது, வாழ்வின் வன்மையைவிட ஆசிரியரின் வசதியையே காட்டுகிறது. சைவ் இறக்கிறாளேயன்றி, மாமியையும் தரகனையும் போல நம்முன் முழுமையாய் வாழவில்லை. எனினும், மாமியையும் தரகனையும் வெறும் கொடியவர்களாக்காமல், அன்பு கிட்டாது வறண்டு போனவர்களாகவும் காட்டியிருப்பது ஆசிரியரின் பெருந்திறம். வறுமை கொலைகாரரை உருவாக்கும் விதத்தை அவர் கண்டிருக்கிறார்.

போட்டி முறைக்கும் தீங்குண்டு. பரிசை நாடும் குழு, நடுவர்க்குப் பிடித்தது எதுவென்று ஆராயத் தொடங்கிவிடும். பலமுறை வென்ற பழைய நாடகத்தையே மீண்டும் எடுக்கும். அவ்வாறாயின் அடுத்த கீன் எழுதும் நாடகத்தை அவரது ஊர்க்குழுவும் மறுத்துவிடும். அப்போது அவருக்குப் போக்கிடம் இராது. பரிசு பெற்ற குழுக்களின் எண்ணிக்கையால் மட்டும் ஒரு விழாவின் பெருமையை அளத்தல் கூடாது. தன் ஊரின் பேச்சில், தன் ஊரின் புண்ணைத் தொட்டெழுதும் புதிய ஒருவருக்கு அது மேடை தந்ததா என்பதாலும் அளக்க வேண்டும்.

1959-இல் லிஸ்டோவெல் குழு அத்துணிவைக் காட்டியது. தலைநகர் தள்ளிய ஏட்டை எடுத்து, தம்மூர்ப் பெண்டிரும் பெரியோரும் அமர்ந்த அவையில், தம்மூர் வழக்கத்தையே குற்றக்கூண்டில் நிறுத்தினர். அமெச்சூர் நாடகத்தின் தனிப்பெருமை அங்கேயே உள்ளது. தொழில்நடிகர் ஆட்டம் முடிந்ததும் ஊரைவிட்டுப் போய்விடுவார். ஊர் நடிகரோ, மறுநாள் காலை அதே மக்களைக் கடைத்தெருவில் எதிர்கொள்ள வேண்டும்.