மலைச்சரிவுக்கு ஒன்று, மைலேஜுக்கு ஒன்று

மாருதி சுஸுகி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா அர்பன் க்ரூஸர் ஹைரைடர் இரண்டும் 2022-இல் அடுத்தடுத்து வந்தவை. உள்ளுக்குள் ஒரே கார். அடித்தளம், 1.5 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், ‘ஆல்கிரிப்’ ஆல் வீல் டிரைவ் எல்லாம் சுஸுகியின் கைவண்ணம். ஸ்ட்ராங் ஹைபிரிட் டொயோட்டாவுடையது. பெங்களூரை அடுத்த பிடதியிலுள்ள டொயோட்டா ஆலையில்தான் இரண்டின் தயாரிப்பும் தொடங்கியது. எந்த லோகோவை வாங்குவது என்பதை அருகிலுள்ள சர்வீஸ் சென்டரைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். நான்கு சக்கரங்களும் இழுக்கும் ரகத்துக்குக் கூடுதல் பணம் தரலாமா என்பதுதான் யோசிக்க வேண்டியது. தரலாம், ஆனால் வெகு சிலர் மட்டுமே.

சாதாரண சாலையில் இந்தக் கார் பெரும்பாலும் முன்சக்கரங்களாலேயே ஓடுகிறது. அவை வழுக்கத் தொடங்கியதும் எலக்ட்ரானிக் கப்ளிங் பின்சக்கரங்களுக்கும் விசையை அனுப்பும். ஆட்டோ, ஸ்போர்ட், ஸ்னோ, லாக் என நான்கு மோடுகள் இருந்தாலும், நம் ஊருக்கு உண்மையில் பயன்படுவது கடைசி ஒன்றுதான். ஈரப் புல், களிமண், எஸ்டேட் பாதையின் செங்குத்தான ஏற்றம் போன்ற இடங்களில், சக்கரம் சுழன்று குழி பறிப்பதற்கு முன்பே பின்பக்கமும் தள்ளத் தொடங்கிவிடும். 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸும் கைகொடுக்கிறது. போட்டியாளர்களான க்ரெட்டாவிலும் செல்டோஸிலும் இந்த வசதியே கிடையாது.

‘நல்ல டயர் போட்ட முன்சக்கர இயக்கக் காரே ஊட்டி ஏறிவிடுமே’ என்பார்கள். தார்ச்சாலை வரை அது முற்றிலும் சரி. மழையில் பிரேக் பிடிக்கும்போதும் ஆல் வீல் டிரைவால் ஒரு பயனுமில்லை, அங்கே டயர்தான் பேசும். எதிர்த்திசையில் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. ஜிம்னியில் உள்ள லோ ரேஞ்ச் கியர் இதில் இல்லாததால், பாறைகள் மீது ஏற நினைப்பவர்களுக்கு இது உதவாது. 103 எச்.பி., 137 என்.எம். என்பதும் குடும்பமும் சாமான்களுமாக மலையேறும்போது தாராளம் அல்ல. இன்ஜினை விரட்டித்தான் ஓட்ட வேண்டும். ஆகவே தார் முடிந்த பிறகும் வீடோ தோட்டமோ இன்னும் கொஞ்ச தூரம் இருப்பவருக்கு மட்டுமே இது பொருந்தும்.

எனக்கு இடிப்பது வேறு. இந்தியாவில் இந்த இரண்டு கார்களிலும் ஸ்ட்ராங் ஹைபிரிட்டும் ஆல் வீல் டிரைவும் ஒரே ரகத்தில் கிடைப்பதில்லை. அறிமுகத்தின்போது அறிவித்த மைலேஜ் ஹைபிரிட்டுக்கு லிட்டருக்கு 27.97 கி.மீ., ஆல் வீல் டிரைவ் மேனுவலுக்கு 19.38 கி.மீ. இரண்டையும் சேர்த்தால் விலை எகிறிவிடும் என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும், அதில் நியாயமும் உண்டு. ஆனால் பின்சக்கரத்துக்குத் தனி மோட்டார் வைத்த ஹைபிரிட்டை வெளிநாடுகளில் யாரிஸ் க்ராஸிலேயே டொயோட்டா விற்கிறது. ஆகவே இல்லாதது தொழில்நுட்பம் அல்ல. இரண்டு நிறுவனங்கள் கைகோத்தும் வாங்குகிறவர் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் ஓட்டுபவர்கள் டிக்கி சுருங்கினாலும் ஹைபிரிட்டையே வாங்கலாம். மண்பாதையில் வீடு உள்ளவர்கள் தயங்காமல் ஆல் வீல் டிரைவை எடுங்கள், டயர் தேய்ந்தால் மாற்றுவதற்கு மட்டும் தயங்காதீர்கள்.