கால்சட்டையும் கட்டளையும்

எட்டாவது படிக்கும்போது ஒரு மழைநாளில் அண்ணனுடைய பழைய பேண்ட்டைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். புரட்சி எதுவும் இல்லை. என்னிடம் இருந்தது ஒரே ஒரு நீலப் பாவாடை. மூன்று நாள் அடைமழை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டும் காயவில்லை. அன்றைக்குக் கணக்குப் பரீட்சை வேறு. அம்மாதான் அந்தப் பேண்ட்டை எடுத்துக் கொடுத்தாள். இடுப்பில் நிற்கவில்லை என்று சணல்கயிறு ஒன்றைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டாள். "காலு மறையுது இல்ல, போ" என்றாள்.

எங்கள் சேரியிலிருந்து பள்ளிக்கூடம் போக ஊர்த்தெருவைத் தாண்டியாகணும். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒருத்தர் கூப்பிட்டு நிறுத்தினார். "இன்னாடி, பேண்ட்டு கேக்குதா ஒங்களுக்கு?" அந்த 'ஒங்களுக்கு' மரியாதைப் பன்மை இல்லை. சேரி முழுவதையும் வளைத்துச் சொன்ன பன்மை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் "யூனிபார்ம் எங்க?" என்று கேட்டு வேப்பமரத்தடியில் நிற்க வைத்துவிட்டார். பரீட்சை முடிகிறவரை நின்றேன். அதே ஊரில் பண்ணைக்காரர் வீட்டுப் பெண் டவுன் கான்வென்ட்டில் படித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேண்ட் போட்டுக்கொண்டு மொபெட் ஓட்டிப் பழகுவாள். அவளை எந்தத் திண்ணையும் கேள்வி கேட்டதில்லை.

'எல்லாப் பிள்ளைகளுக்கும் கால்சட்டை மட்டுமே சீருடை' என்கிற வாதத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வேப்பமரம்தான் ஞாபகம் வருகிறது. பேண்ட் போட்டதற்காக வெளியே நின்றவள் என்பதால் நான் இந்த வாதத்துக்குக் கைதட்டுவேன் என்று தோழர்கள் எதிர்பார்க்கலாம். பாதிதான் தட்ட முடிகிறது. மீதிப் பாதி ஏன் முடியவில்லை என்பதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

கேரளத்தில் நடந்ததை முதலில் பார்ப்போம். எர்ணாகுளம் மாவட்டம் வளயன்சிறங்கர அரசு தொடக்கப் பள்ளியில் ஆண், பெண் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரேமாதிரி முக்கால் கால்சட்டையும் சட்டையும் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் ஓட, குதிக்க, மரம் ஏற வசதி என்றார்கள். 2021 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் பாலுசேரி அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் மாணவிகளுக்குப் பேண்ட்டும் சட்டையும் சீருடை ஆனது. அமைச்சர் ஆர். பிந்து தொடங்கிவைத்தார். முழுக்கைச் சட்டை, தலைத்துணி வேண்டுகிறவர்கள் அணிந்துகொள்ளலாம் என்று இடமும் வைத்திருந்தார்கள். அப்படியும் முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன. ஆண் உடையைப் பெண்கள்மேல் திணிக்கிறீர்கள் என்றன. 2022 ஆகஸ்டில் அரசு, இதை யார்மீதும் திணிக்கும் எண்ணம் இல்லை என்று சொல்லிவிட்டது.

இங்கிலாந்திலும் இது நடந்தது. லூயிஸ் என்ற ஊரின் பிரியரி பள்ளியில் 2017இல் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கால்சட்டை என்று தொடங்கி, 2019இல் எல்லாருக்கும் அதுதான் என்றார்கள். பாவாடையில் வந்த மாணவிகளை வாசலிலேயே மறித்தார்கள். பெற்றோரும் பிள்ளைகளும் வாசலில் நின்று போராடினார்கள். என்னைப் பேண்ட்டுக்காக நிறுத்தினார்கள், அந்தப் பெண்களைப் பாவாடைக்காக நிறுத்தினார்கள். துணிதான் மாறியிருக்கிறது. வாசலில் நின்று பெண்பிள்ளையின் காலைப் பார்க்கிற கண் மாறவில்லை.

உடை என்பது நமக்கு வெறும் துணி விஷயம் அல்ல. திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் மார்பை மறைத்ததற்காகச் சந்தைகளில் துணியைக் கிழித்தார்கள். 1829இல் வந்த அரசாணை, குப்பாயம் போட்டுக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்கள்போல மேல்துணி போடக்கூடாது என்றது. முப்பது வருஷம் அடிபட்டு, வீடு எரிந்து, 1859இல் இன்னொரு பிரகடனம் வந்தது. அதிலும் என்ன சொன்னார்கள்? மறைத்துக்கொள், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மாதிரி மறைக்காதே. உரிமை கொடுக்கும்போதுகூட கட்டளையை விடவில்லை. புலயப் பெண்களின் கதை அதற்கும் பிந்தியது. கல்லும் மணியும் கோத்த மாலைதான் கழுத்தில் போடணும் என்று விதி. 1915இல் அய்யன்காளி கூட்டிய கொல்லம் கூட்டத்தில்தான் அந்தப் பெண்கள் கல்லுமாலைகளை அறுத்துக் குவித்தார்கள். அதே அய்யன்காளி பஞ்சமி என்ற புலயச் சிறுமியின் கையைப் பிடித்து ஊருட்டம்பலம் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனபோது பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள்.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்மேல் எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக்கூடாது, சட்டை, கோட்டு, பனியன் கூடாது, கிராப்பு வெட்டக்கூடாது, குடை, செருப்பு கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணியால் மேலுடம்பை மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது. அடுத்த வருஷமே தடைகளைப் பதினொன்று ஆக்கினார்கள். அதில் ஒன்று, இவர்களின் பிள்ளைகள் படிக்கக்கூடாது என்பது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையை எழுதிய ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். துணியும் பள்ளிக்கூடமும் ஒரே பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கினால் அடுத்து அவன் பிள்ளை சிலேட்டைத் தூக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதனால்தான் தடுத்த துணியை எடுத்து உடுத்துவது நமக்குப் போராட்டம். 1893இல் அய்யன்காளி தலைப்பாகை கட்டி, வெள்ளை உடுத்தி, வில்வண்டியில் போனார். 1927இல் மகத் மாநாட்டுக்கு வந்த பெண்களிடம் அண்ணல் அம்பேத்கர், தீண்டப்படாதவள் என்று காட்டிக்கொடுக்கிற விதத்தில் சேலை கட்டுவதை விடச் சொன்னார். அண்ணலின் கோட்டையும் சூட்டையும் காந்தியின் அரைத்துணியோடு ஒப்பிட்டு நக்கல் செய்தவர்கள் உண்டு. சட்டை போட உரிமை இருந்தவனுக்கு அதைக் கழற்றுவது தியாகம். போடக்கூடாது என்று அடிபட்டவனுக்குப் போடுவதுதான் விடுதலை. அந்த வரிசையில் சேரிப் பெண்பிள்ளை போடுகிற பேண்ட்டும் வரும். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆனால் எடுத்து உடுத்துவது வேறு, உடுத்து என்று உத்தரவு போடுவது வேறு. இந்த வித்தியாசத்தை முற்போக்காளர்கள் எளிதாகத் தாண்டிப்போகிறார்கள். 'பால் பேதமற்ற உடை' என்கிறார்கள். பேதமற்றது என்று அவர்கள் கண்டுபிடித்த உடை எது? ஆண்பிள்ளை ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தது. ஆண்பிள்ளை எதையும் கழற்ற வேண்டியதில்லை, எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பெண்பிள்ளைதான் அவன் மாதிரி ஆகணும். இந்தத் தர்க்கம் நமக்குப் புதுசு இல்லை. நீயும் கறியை விட்டுவிடு, நீயும் எங்களை மாதிரிப் பேசு, அப்புறம் எல்லாரும் சமம் என்று நம்மிடம் சொன்னவர்கள் நிறையப் பேர். மேலே இருக்கிறவனுடைய அடையாளத்துக்குப் 'பொது' என்று பெயர் வைப்பது பழைய தந்திரம். திருநங்கையாக வளர்கிற ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பாவாடை கட்டணும் என்று ஏங்குகிற அந்தப் பிள்ளைக்கு, இந்தப் பேதமற்ற பள்ளியில் பாவாடையே கிடையாது.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. விருப்பத்துக்கு விட்டால் யாருடைய விருப்பம் நடக்கும்? அப்பன் விருப்பம், அண்ணன் விருப்பம், ஊர் விருப்பம். கட்டாயம் என்று வந்தால்தான் பெண்பிள்ளை "நானா போடுறேன், ஸ்கூல்ல சொல்லிட்டாங்க" என்று சொல்லித் தப்பிக்க முடியும். இது உண்மைதான். கட்டாயத்தால் நாமும் பலன் அடைந்தவர்கள். ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடணும் என்ற கட்டாயம் இல்லாமல் சத்துணவுக் கூடத்தில் எங்கள் தட்டு மற்றத் தட்டுகளுக்குப் பக்கத்தில் வந்திருக்காது. இடஒதுக்கீடும் ஒரு கட்டாயம்தானே?

ஆனால் அந்தக் கட்டாயங்கள் எல்லாம் யார்மேல் விழுந்தன? தள்ளிவைத்தவன்மேல் விழுந்தன. சேர்த்துக்கொள், உட்காரவிடு, வேலை கொடு என்று அதிகாரத்தைக் கட்டின. கால்சட்டைக் கட்டாயம் பிள்ளையின் உடம்பின்மேல் விழுகிறது. கட்டுவதென்றால் பள்ளிக்கூடத்தைக் கட்டுங்கள். பேண்ட்டில் வருகிற பெண்ணை எந்தப் பள்ளியும் நிறுத்தக்கூடாது, பேண்ட் கேட்கிற பெண்ணுக்கு இலவசத் துணியும் தையற்கூலியும் தராமல் இருக்கக்கூடாது என்று சட்டம் போடுங்கள். அப்பனிடம் சொல்லித் தப்பிக்க அந்தச் சட்டமும் போதும். உடுப்பைக் காரணம் காட்டிப் பிள்ளைகளை வெளியே நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை 2022இல் கர்நாடகத்தில் பார்த்தோம். தலைத்துணி போட்ட பெண்கள் கல்லூரி வாசலில் நின்றார்கள். காவித்துண்டுகள் எதிரே கத்தின. அப்போது சிக்கமகளூரில் நீலத்துண்டு போட்டுக்கொண்டு தலித் மாணவர்கள் அந்தப் பெண்களின் பக்கம் நின்று ஜெய்பீம் சொன்னார்கள். தலைத்துணி நல்லதா கெட்டதா என்று அவர்கள் வாசலில் பட்டிமன்றம் நடத்தவில்லை. வாசலில் நிற்பது என்றால் என்ன என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் பேசணும். பேசக் கூச்சப்படுகிறார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கிடையாது. கருவேலமரத்து மறைவுதான். பாவாடை கட்டியவள் பாவாடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்துவிடலாம், யார் வந்தாலும் மானம் போகாது. பேண்ட் போட்டவள் என்ன செய்வாள்? அன்றைக்கு அந்தச் சணல் முடிச்சை அவிழ்க்கப் பயந்து சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கொண்டு இருந்தேன். தீட்டு நாட்களில் துணி மாற்ற இடமில்லாத பள்ளியில் எந்த உடை வசதி என்று மாணவிகளைக் கேட்டால்தான் தெரியும். பாவாடைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கீழே டக் பிடித்துத் தைத்தால் வருஷத்துக்கு ஒரு டக்கைப் பிரித்து மூன்று வருஷம் ஓட்டலாம். பேண்ட்டில் அந்த அளவுக்கு விட்டுத் தைக்க முடியாது. ஜிப் போனால் ஊக்குதான்.

இதைச் சொல்வதால் நான் பாவாடைக் கட்சி ஆகிவிடவில்லை. பாவாடை சைக்கிள் செயினில் மாட்டி விழுந்த தழும்பு இன்னும் என் முட்டியில் இருக்கிறது. 2001இல் தமிழக அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது, பிறகு எல்லாருக்கும் வந்தது. சைக்கிள் கொடுத்த பிறகு பாவாடையும் தாவணியும் எப்படி நிற்கும்? சுடிதார் வந்தது. சுடிதார் வந்ததும் மார்பை மறைக்கத் துப்பட்டா வந்தது, பிறகு அதன் இடத்தில் கோட்டு வந்தது. வெயில் கொளுத்துகிற ஊரில் ஒரு உடைக்குமேல் இன்னொரு உடை. அண்ணன் மகள் கேட்கிறாள், "அத்தே, பசங்களுக்கு மட்டும் ஏன் கோட்டு இல்ல?" அவளுக்குப் பேண்ட்தான் வேணுமாம். காரணம் கேட்டேன். "பாக்கெட் இருக்கு இல்ல?" என்றாள். பஸ் காசைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போன என் தலைமுறைக்கு இது உறைத்தது. அவளுக்குப் பேண்ட் கிடைக்கணும். அவள் பக்கத்தில் உட்காருகிற பெண்ணுக்குச் சுடிதார்தான் பிடிக்கும் என்றால் அதுவும் இருக்கணும்.

கடைசியாக, சீருடை வந்தால் சமம் வந்துவிடும் என்கிற நம்பிக்கை. ஏழை பணக்காரன் தெரியாது, சாதி தெரியாது என்று சொல்லித்தான் சீருடையே வந்தது. நம் ஊர்ப் பள்ளிகளில் ஒரே கலர் சட்டைக்குக் கீழே மணிக்கட்டில் சாதிக்கு ஒரு கலர் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள். 2019இல் பள்ளிக் கல்வித்துறை அதைத் தடுக்கச் சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு வந்ததும் அமைச்சரே பின்வாங்கினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, கூடப்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்களும் வெட்டுப்பட்டவனும் பள்ளிக்கு வரும்போது சீருடையில்தான் வந்தார்கள். நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. உடனே அதையும் எதிர்த்தார்கள். பெண்பிள்ளையின் காலுக்கு என்ன துணி என்று பேச இத்தனை பேர் வருகிறார்கள். ஆதிக்கசாதிப் பையன் கையில் இருக்கும் கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் அது பண்பாடு, நம்பிக்கை என்று ஆகிவிடுகிறது. கக்கூஸ் கட்டின பள்ளிகளிலாவது நிலைமை சரியா? 2022இல் ஈரோடு மாவட்டத்தில் தலித் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவவிட்ட தலைமையாசிரியை கைதானார். அந்தப் பிள்ளைகளும் மற்றவர்கள் மாதிரியே சீருடை போட்டிருந்தவர்கள்தான்.

எனவே நாம் கேட்க வேண்டியது இது. சீருடைப் பட்டியலில் பேண்ட், சுடிதார், பாவாடை எல்லாம் இருக்கட்டும், எந்தப் பிள்ளையும் எதையும் எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு செட்டுக்குக் குறையாமல் இலவசமாகக் கொடுக்கட்டும். தண்ணீர் வருகிற கக்கூஸும் அதைக் கழுவ சம்பளத்துக்கு ஆளும் இருக்கட்டும், அந்த ஆள் நம் தெருவிலிருந்துதான் வரணும் என்று இல்லாமல் இருக்கட்டும். எந்தத் துணிக்காகவும் எந்தப் பிள்ளையும் வகுப்புக்கு வெளியே நிற்கக்கூடாது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து பரீட்சை எழுதவிடவில்லை என்று சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தால், அடுப்படியில் உட்கார்ந்து ஈரப் பாவாடையை இரண்டு கையாலும் நெருப்புக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் கொஞ்சம் பொசுங்கியிருந்தது. "பரவால்ல, மடிச்சித் தச்சிக்கலாம்" என்றாள். அந்த ஒரு டக்கு அத்தோடு போயிற்று.