அம்புக்கு முன்னால் ஒரு குரல்

எங்கள் ராயபுரத்தில் கெட்டிக்காரப் பையனைச் "சரியான எம்டன்" என்பார்கள். திட்டா, பாராட்டா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைப் பீரங்கியால் சுட்டு எரித்துவிட்டு மறைந்த ஜெர்மன் கப்பலின் பெயர் அது.

அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு நினைவுக்கு வருகிறது. பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது. பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், நீத்தார் கடன் செய்யப் புதல்வரைப் பெறாதவர்கள் ஆகியோரைக் காவலான இடம் போய்ச் சேரச் சொல்லிவிட்டே அம்பு தொடுக்கிறவன் என்று மன்னனைப் புகழ்கிறார். பழந்தமிழரின் கருணை என்று மேடையில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது வழக்கம்.

எனக்கென்னவோ இது கருணைப் பாட்டாகப் படவில்லை. பட்டியலைப் பாருங்கள்: பால், வேள்வி, பிள்ளைப்பேறு, பிதிர்க்கடன். வென்றவன் நாளை அந்த ஊரைத்தானே ஆள வேண்டும்? இவையெல்லாம் அழிந்த ஊரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தவிர, அவன் ஊரிலும் பசுக்கள் உண்டு. இன்று அவன் கூவாவிட்டால், நாளை அவனுடைய மதிலுக்கு வெளியே நின்று எவன் கூவுவான்?

நோயாளி மட்டும் இந்தக் கணக்கில் அடங்கவில்லை. அவனால் யாருக்கும் ஆதாயமில்லை. புலவர் அவனை ஒரே சொல்லில் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். பாட்டின் உயிர் எனக்கு அங்கேதான் இருக்கிறது. ஆனால் அடுத்த அடிகளிலேயே யானைகளின்மேல் கொடிகள் வானத்தை மறைக்கின்றன. அவன் எழுந்து நடக்க எத்தனை நாழிகை கொடுத்தார்கள்?

1907-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தம் ஒன்றிலும் இதே குரல் கேட்கிறது: கடலிலிருந்து துறைமுகத்தைத் தாக்குமுன் அதிகாரிகளை எச்சரிக்க வேண்டும். ஆனால் போர் நிலைமை இடங்கொடுத்தால் என்று ஒரு வால் இருக்கிறது. எம்டனுக்கு இடங்கொடுக்கவில்லை, தனியே ஒளிந்து திரிந்த கப்பல் சொல்லிவிட்டு வந்திருந்தால் திரும்பிப் போயிருக்காது. இத்தனைக்கும் அதன் தலைவர் முல்லர், பிடித்த வணிகக் கப்பல்களின் மாலுமிகளை வேறு கப்பலுக்கு மாற்றிவிட்டே அவற்றை மூழ்கடித்தவர். பகைவரே அவரை மெச்சினார்கள். அன்றிரவு சென்னையில் இறந்தவர்கள் ஒரு சிலர்தான் என்று புத்தகங்கள் சொல்கின்றன. அந்தச் சிலருக்கு யாரும் முன்னதாகக் கூவவில்லை.

மன்னன் பஃறுளி ஆற்று மணலினும் பல ஆண்டு வாழ்க என்று நெட்டிமையார் முடிக்கிறார். நான் அதுவரை போவது அபூர்வம். நோயாளி அரண் சேர்ந்தானா என்று பார்த்துக்கொண்டு பாதியிலேயே நின்றுவிடுகிறேன்.