சேர்த்தனர்; கேட்டனரா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியே சென்று, கல்வராயன் மலையேறி, வெள்ளிமலையை அடைகிறோம். கடுக்காய் மரங்களையும் மரவள்ளிக் கொல்லைகளையும் காண்கிறோம். காட்சிக்குக் குறைவில்லை. ஆனால் அம்மலையின் வரலாற்றைக் கேட்டால் காட்சி மறந்துபோகும், கவலை பிறக்கும்!

1947-இல் நாடு விடுதலை பெற்றது. கொடி ஏறிற்று, முரசு கொட்டிற்று. மலையிலோ சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் எனும் மூன்று ஜாகீர்களின் ஆட்சி தொடர்ந்தது. வரைபடத்தில் மலை இந்திய ஒன்றியத்துள் இருந்தது; வாழ்வில் ஜாகீர்தாரின் கையில் இருந்தது. 25.6.1976 அன்றுதான் அரசின் நேரடி ஆட்சி மலையேறியது. 'ஒன்றியத்தோடு இணைந்த நாள்' என்று அதனைப் பெருமையுடன் கூறுகின்றனர்.

தோழர்களே, அந்நாளை மீண்டும் ஒருமுறை படியுங்கள். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது 25.6.1975. சரியாக ஓராண்டு நிறைந்த நாள் அது! 31.1.1976 அன்று தமிழகத்தின் தி.மு.க. அமைச்சரவை கலைக்கப்பட்டது, சட்டமன்றமும் கலைக்கப்பட்டது, குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தது. ஏடுகள் தணிக்கையில் சிக்கின. கீழே சமவெளியில் வாழ்ந்தவர்களே வாய் கட்டப்பட்டிருந்த வேளையில், மேலே மலையில் வாழ்ந்தவர்களின் கருத்தை யார் கேட்டிருக்க முடியும்? எந்த மன்றத்தில் அவர்கள் பேசியிருக்க முடியும்?

ஜாகீர் முறை ஒழிந்தது தவறென்று நாம் கூறவில்லை. பரம்பரை ஆதிக்கம் எங்கிருந்தாலும் ஒழிய வேண்டியதே. நாம் குறை காண்பது ஒழித்த செயலில் அன்று, ஒழித்த முறையில். நேற்றுவரை ஜாகீர்தார் ஆணையிட்டார், மக்கள் பணிந்தனர். மறுநாள் அதிகாரி ஆணையிட்டார், மக்கள் பணிந்தனர். ஆள்வோர் மாறினர், ஆணையிடும் முறை மாறியதா?

இதற்கு 20 ஆண்டுகள் முன்பு எழுந்த வேறோர் இணைப்புத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். 1956-இன் தொடக்கத்தில், தமிழகத்தைக் கேரளத்தோடும் கன்னட நாட்டோடும் சேர்த்துத் 'தட்சிணப் பிரதேசம்' அமைக்கும் பேச்சு எழுந்தது. இராசாசி அதனை ஆதரித்தார். பெரியார் எதிர்த்துக் காமராசருக்குத் தந்தி அடித்தார். அறிஞர் அண்ணா எதிர்த்தார், ம.பொ.சி. எதிர்த்தார். மேடைகள் முழங்கின, ஏடுகள் எழுதின. திட்டம் மடிந்தது. 1.11.1956 அன்று மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. மக்கள் கருத்துக்கு வாயும் செவியும் இருந்ததால் வந்த விளைவு இது. சமவெளியினருக்கு 1956-இல் கிடைத்த அந்த வாய்ப்பு, மலையினருக்கு 1976-இல் கிடைக்கவில்லை.

"எழுத்தறியாத மக்களிடம் எதைக் கேட்பது?" என்று வினவும் மேதாவிகள் உளர். கேட்பதற்கு எழுத்து எதற்கு? தமிழ் பேசும் மக்கள்தாமே அவர்கள்! நிலம் யாருடையதாகும், காட்டுக்குள் செல்லும் உரிமை என்னாகும், வரி யாருக்குச் செலுத்துவது என்பவற்றை மலையூரின் மரத்தடியில் எடுத்துரைத்தால் அவர்களுக்குப் புரியாதா? புரியாது என்பவர், தமக்கு விளக்கத் தெரியவில்லை என்பதையே ஒப்புக்கொள்கிறார்.

ஐரோப்பாவைப் பாருங்கள். 1.5.2004 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 நாடுகள் புதிதாகச் சேர்ந்தன. அவற்றுள் சைப்ரசு நீங்கலாக 9 நாடுகள், 2003-இல் தம் மக்களிடம் வாக்கெடுத்த பின்னரே சேர்ந்தன. நார்வே மக்கள் 1972-இலும் 1994-இலும் 'வேண்டா' என்றனர், நார்வே அழிந்துவிடவில்லை! அங்கும் குறை உண்டு. புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று பழைய 15 நாடுகளின் மக்களிடம் வாக்குக் கேட்கவில்லை. எனினும் கேட்க வேண்டும் என்ற நினைப்பேனும் அங்கு இருந்தது.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிடலாமா? பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்கு வலிமை தரும் சட்டம் 1996-இல் வந்தது. அட்டவணைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களுக்கே அது பொருந்தும். தமிழகத்தில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட இடம் ஒன்றுமில்லை. ஆகவே கல்வராயன் மலைக்கு அச்சட்டத்தின் நிழலும் இல்லை. 26.11.2019 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2024 சூன் திங்களில் அந்நகரில் நச்சுச் சாராயத்திற்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியாயினர். அதன் பிறகே, மலைமக்களின் நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. வாழ்ந்தவர்கள் சொல்லிக் கேளாத செவிகள், மாண்டவர்களால் திறந்தன!

ஆசிரியப் பணி செய்யும் நாம் நாள்தோறும் காணும் உண்மை ஒன்றுண்டு. வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறியதாலேயே பிள்ளை வகுப்பில் சேர்ந்துவிடுவதில்லை. கையுயர்த்தி அவன் ஒரு கேள்வி கேட்கும் நாளில்தான் சேர்கிறான். ஆட்சியாளரோ பதிவேட்டை மூடிவைத்துவிட்டுப் பாடம் முடிந்தது என்கின்றனர்.

நாம் கேட்பது பெரிதன்று. மலைக்கென ஒரு திட்டம் தீட்டுமுன் அதனை மலையூர்களில் தமிழில் படித்துக் காட்டுக. மக்கள் கூறும் மறுப்பைக் குறித்துக்கொள்க. எதை ஏற்றோம், எதை மறுத்தோம், ஏன் மறுத்தோம் என்று மீண்டும் அதே ஊருக்கு வந்து கூறுக. இந்த மூன்றாம் செயல்தான் இன்றுவரை அரிதாயிருக்கிறது. இளைஞர்களே, அடுத்த அறிவிப்பு வரும்போது அதனை முதலில் கேளுங்கள்!