கங்கைகொண்ட சோளேச்சரமும் இறைக்காதலின் எளிமையும்

தமிழ்ப் பத்தி இலக்கியத்தில் இறைக்காதலை ஆராயப் புகுந்தோர் பெரும்பாலும் ஒரு திசையையே நோக்கியுள்ளனர். உயிர் தலைவியாகவும் இறைவன் தலைவனாகவும் நிற்க, தலைவி மெலிதலும், தூது விடுத்தலும், செவிலி இரங்கலும் ஆகிய அகத்துறைகளே அவர்தம் கருத்தைக் கவர்ந்தன. இக்காதல் கீழிருந்து மேல்நோக்கி எழுவது. காண்டற்கு அரியானைக் காண விழைவது. ஆயின் இறைவன் உயிரைக் காதலித்து இறங்கி வரும் நிலை ஒன்றும் நம் இலக்கியத்தில் உண்டு. அதனை ‘அருள்’ என ஒரு சொல்லாற் கூறி அப்பாற் செல்வது திறனாய்வுக்குப் போதாது. அவ்வருள் காதலின் வடிவில் எவ்வாறு நிகழ்கின்றது, அது நிகழும்போது இறைவனது பெருமை யாதாகின்றது என்பன வினவத்தக்கவை. இவ்வினாக்களுக்கு விடை தரும் இடங்களுள் தலையாயது கங்கைகொண்ட சோழபுரம் எனக் கருதுகின்றோம்.

இவ்வூர், திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினின்று 1995-இல் பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்தில் அடங்கியிருந்து, 2007 முதல் அரியலூர் மாவட்டத்தின் பாற்பட்டதாய், சயங்கொண்டத்துக்கு அண்மையில் உள்ளது. முதலாம் இராசேந்திரன் தன் படை கங்கைக் கரை வரை சென்று வென்ற வெற்றியின் நினைவாக இந்நகரைத் தலைநகராக்கினான். அவன் எடுத்த சிவன்கோயிலே கங்கைகொண்ட சோளேச்சரம். கங்கை நீர் கொணர்ந்து நிரப்பிய சோழகங்கம் என்னும் ஏரியை நீர்வடிவான வெற்றித்தூண் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் போற்றுகின்றன. ஊரும் கோயிலும் ஏரியும் மன்னன் பட்டமும் ஆகிய யாவும் ஒரு வெற்றியையே பறைசாற்றிய இடம் இது. இத்தகைய இடத்தில் பிறந்த பாடலிலும் சிற்பத்திலும் பேரரசின் குரலையன்றிக் காதலின் குரலைத் தேடுதல் தகுமோ என ஐயுறுவார் உளர். அவ்வையத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோயிலைப் பாடியவர் கருவூர்த்தேவர். ஒன்பதாந் திருமுறையில் அடங்கிய திருவிசைப்பாவினைப் பாடிய ஒன்பதின்மருள் மிகுதியான பதிகங்களைப் பாடியவர் இவரே. இவர் அருளிய பத்துப் பதிகங்களுள் ஒன்று தஞ்சை இராசராசேச்சரத்துக்கும், ஒன்று கங்கைகொண்ட சோளேச்சரத்துக்கும் உரியன. தந்தையும் மகனும் எடுத்த இரு பெருங்கோயில்களையும் பாடியமையால், இவரை அரசவை சார்ந்த புலவராக எண்ணி, இவர் பாடல்களை அரசர் புகழின் ஒரு கூறாகக் கொள்ளும் போக்குத் தோன்றுவது இயல்பே. தேவாரத்துக்கு நிகரான ஆராய்ச்சி திருவிசைப்பாவிற்கு வாயாமைக்கு இக்கருத்தும் ஒரு காரணமாகலாம்.

பதிகத்தைப் படித்தால் இக்கருத்து நிலைபெறாது. பதினொரு பாடல்களிலும் ஊர்ப்பெயரில் அமைந்த ‘கங்கைகொண்ட’ என்னும் அடையை நீக்கினால் இராசேந்திரன் வெற்றி பற்றிய குறிப்பு ஒன்றேனும் இல்லை. அவ்வடையையும் புலவர் அவ்வாறே விட்டு வைத்திலர். பத்தாம் பாடலில், உமையம்மை கண்டால் யாதாகுமோ என்பது போலக் கங்கையைச் சடைமுடியிற் கொண்டிருக்கும் கடவுளாக இறைவனைச் சுட்டி, உடனே ஊர்ப்பெயரைச் சொல்லி முடிக்கிறார். படை செலுத்திக் கங்கையைக் கொண்டவன் மன்னன். காதல்பற்றிச் சடையிற் கொண்டவன் இறைவன். ஒரே தொடர் இருபொருள் பயக்க, முந்திய பொருள் பிந்திய பொருளின் முன் ஒளி மழுங்குகின்றது. உலகறிந்த வெற்றிப் பட்டத்தை ஓர் இல்லறப் பூசலின் இனிய நகைச்சுவையாக மாற்றுதல் அரசவைப் புகழ்ச்சியின் இயல்பு அன்று. இக்கோயிற் சுவரிலேயே கங்காதரர் சிற்பமும் உளது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி, பதிகத்தின் உயிர்க்கருத்தைக் காண்போம். முதற் பாடல் அயனும் மாலும் அடிமுடி தேடிய பழங்கதையுடன் தொடங்குகின்றது. அக்கதை இறைவன் பெருமைக்குச் சான்றாகப் பல்லாயிரம் பாடல்களில் வருவது. கருவூர்த்தேவரோ அப்பெருமையைக் கூறிய மூச்சிலேயே, அவ்வளவு பெரியவன் சிறியனாகிய தன்னை ஆள விரும்பி மனத்துட் புகுந்த எளிமையை என்றும் மறவேன் என்கிறார். ‘எளிமை’ என்பது அவரே ஆளும் சொல். விண்ணிற் பறந்து தேடியும் அகப்படாதவன், தேடாத ஒருவன் மனத்தில் தானே வந்து புகுகின்றான். தேடல் மேல்நோக்கியது, காதல் கீழ்நோக்கியது. முதற் பாட்டிலேயே இவ்விரண்டும் எதிரெதிராக நிறுத்தப்படுகின்றன.

இரண்டாம் பாடல் இதனை மேலும் கூர்மையாக்குகின்றது. உள்ளம் நெகிழ்ந்திலேன், ஓலமிட்டு அலறிலேன், பாமாலை புனைந்து உருகிலேன், பணியும் செய்திலேன் எனத் தம்பால் இல்லாதவற்றை அடுக்கும் புலவர், அவ்வாறிருந்தும் அவன் தம் ஆவியுட் புகுந்து கண்ணை விட்டு அகலாதிருத்தல் என்னையோ என வியக்கிறார். பத்திப் பாடல்களில் அடியவன் தன் குறையைக் கூறுதல் மரபே. ஆயின் அம்மரபில் குறைகூறல் பெரும்பாலும் வேண்டுகோளாக முடியும்; ஈண்டு அது வியப்பாக முடிகின்றது. கேளாமல் வந்த காதலுக்குக் காரணம் காண இயலாமையே பாடலின் பொருள். ஒன்பதாம் பாடலில், தன் பெருமை தன்னுள்ளேயே ஒடுங்க, கண்ணின் மணியுட் கலந்தவனாக இறைவன் பேசப்படுகிறான். பெருமை அழியவில்லை, காதலின்பொருட்டு ஒடுங்குகின்றது. ஆறாம் பாடலிலோ, அண்டமும் அணுவாகத் தோன்றும் பெருமையும் அணுவும் அண்டமாகத் தோன்றும் சிறுமையும் ஒருவனுக்கே உரியனவாகின்றன. ஆகவே எளிமை என்பது இறைவன் ஒரோவழி மேற்கொள்ளும் வேடம் அன்று; பெருமையோடு ஒப்ப அவன் இயல்பேயாம் என்பது புலவர் துணிபு எனலாம்.

இக்கருத்துச் சைவத்துக்கு மட்டும் உரியதன்று. திருவாய்மொழி உரையாசிரியர்கள் பரத்துவம், சௌலப்பியம் என்னும் இரண்டனையும் வேறு பிரித்துக் காட்டினர். வெண்ணெய் களவு கண்டு உரலிற் கட்டுண்ட கண்ணனின் எளிமையை நினைந்து நம்மாழ்வார் ஆறு திங்கள் மோகித்துக் கிடந்தார் என்பது வைணவ மரபுரை. எட்டாத பெருமையைக் காட்டிலும் எட்டிய எளிமையே ஆழ்வாரை உணர்விழக்கச் செய்தது என்பதே அதன் கருத்து. அரியலூர் நாட்டிலேயே, கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடி பற்றிப் பெரியபுராணம் கூறும் நிகழ்ச்சியும் இதற்கு இனமானது. ஆலம்பொழிலில் துயின்ற சுந்தரர் கனவில் இறைவன் தோன்றி, மழபாடிக்கு வர நினைக்க மறந்தனையோ என வினவினான் என்கிறார் சேக்கிழார். அடியவன் மறக்க, இறைவன் நினைத்து அழைத்தமையாற் பிறந்த பதிகம் அது.

மேலைநாட்டுச் சமயவியலிலும் இவ்வேறுபாடு பேசப்பட்டது. சுவீடன் நாட்டு இறையியலார் ஆண்டர்சு நைகிரன், 1930-ஆம் ஆண்டிலும் 1936-ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூற்பகுதிகளில், மேல்நோக்கி ஏறும் காதலை ‘ஈராசு’ என்றும், தகுதி நோக்காது கீழிறங்கும் இறையன்பை ‘அகாபே’ என்றும் பிரித்து, இவ்விரண்டும் தம்முள் ஒவ்வாதன என்று வாதிட்டார். சோளேச்சரப் பதிகத்தின் முதலிரு பாடல்களை மட்டும் காண்பார்க்கு அது நைகிரன் கொள்கைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகத் தோன்றும். எட்டாம் பாடல் அதற்கு இடந்தரவில்லை. மகளிர்மேல் ஆடவர் வைத்த அன்பை நூறாயிரம் கூறாக்கி, அவற்றுள் ஒரு கூற்றை இறைவன்பால் வைத்தோர்க்கும் அவன் அமரருலகு அளிப்பான் என்கிறது அப்பாடல். இதனால் மாந்தர்க் காதலும் இறைக்காதலும் ஒரே பொருளின் கூறுகளாகின்றன. வேறுபாடு வைக்கும் இடத்திலன்றிப் பொருளில் இல்லை. அன்பு பெற்ற குழவியே அருள் எனக் கண்ட வள்ளுவர் மரபில் வந்த தமிழ்ப்புலவர்க்கு இரண்டனுக்கும் இடையே மதில் எழுப்பும் தேவை எழவில்லை. காமனை எரித்த காமாந்தகர் சிற்பமும் கொண்ட கோயிலில் இப்பாடல் பிறந்தது என்பது கருதத்தக்கது. காமனை எரித்தவன் காதலை எரித்தானல்லன்.

அவ்வெட்டாம் பாடல் இன்னொன்றும் கூறுகின்றது. பித்தன் எனப் பேசினும் பிழைபொறுத்து அருளும் அவனது கை, தம் தலைமேல் வைக்கப்பட்டது என்கிறார் புலவர். பத்தாம் பாடலில், சிலம்பொலிக்க ஒருநாள் வந்து தம் தலைமேற் கைவைத்து ஆட்கொண்டமையை மீண்டும் பாடுகிறார். பதினொரு பாடல் கொண்ட பதிகத்தில் இச்செயல் இருமுறை வருதல் நம்மைக் கோயிலின் புகழ்மிக்க சிற்பத்துக்கு அழைத்துச் செல்கின்றது.

வடபுற வாயிற் படிகளின் பக்கத்தில் அமைந்துள்ள சண்டேச அனுக்கிரக மூர்த்தியே அச்சிற்பம். உமையுடன் வீற்றிருக்கும் இறைவன், கீழே கைகூப்பி அமர்ந்த சண்டேசர் தலையைச் சுற்றித் தன் முன்னிரு கைகளாலும் மலர்மாலையைச் சூட்டுகின்றான். அம்மாலை இராசேந்திரன் வெற்றிக்கு இறைவன் சூட்டிய வாகையே எனவும், சண்டேசர் வடிவில் மன்னனே குறிக்கப்படுகிறான் எனவும் அறிஞர் சிலர் கருதுவர். இது முற்றிலும் அடிப்படையற்ற கருத்தன்று. சோழர் காலத்தில் சிவன்கோயிற் சொத்துகள் சண்டேசர் பெயராலேயே விற்கவும் வாங்கவும் பெற்றன. ஆட்சியும் அதிகாரமும் அவர் பெயரோடு இணைந்திருந்தன. இக்கோயிலிலும் அவருக்குத் தனிச் சன்னிதி உண்டு.

ஆயினும் சண்டேசர் கதையை முழுமையாக நோக்குதல் வேண்டும். சேய்ஞலூரில் பிறந்த விசாரசருமர், மண்ணியாற்றங்கரையில் மணலால் இலிங்கம் அமைத்துப் பாலாட்டி வழிபட்டார். பாற்குடத்தைக் காலால் இடறிய தந்தையின் தாளை வெட்டினார். இறைவன் தோன்றி, இனி உனக்குத் தந்தை யாமே எனத் தழுவி உச்சி மோந்தான். இக்கதையில் தந்தையை வெட்டியமை படிப்போர் நெஞ்சை உறுத்துவது. அதனை வீரமாகப் போற்றியும், குறிப்புப்பொருள் கூறியும் கடந்து செல்வாருண்டு. கலைஞர் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பது ஒப்புநோக்கத்தக்கது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்த வேளான் அளித்த செப்புத்திருமேனிகளைப் பற்றிய கல்வெட்டு, சண்டேசுவரப் பிரசாத தேவர் தொகுதியில் வீழ்ந்து கிடக்கும் தந்தையின் உருவத்தையும் சேர்த்துக் கூறுகின்றது. சோளேச்சரச் சிற்பியோ கதை நிகழ்ச்சிகளைப் பக்கத்துச் சிறு சிற்பங்களுக்கு ஒதுக்கி, நடுவிடத்தில் தந்தைக்கோ மழுவால் வெட்டிய செயலுக்கோ இடந்தரவில்லை. அங்கே எஞ்சுவன இரு கைகளும் ஒரு தாழ்ந்த தலையுமே. செயலின் கொடுமை மறைக்கப்படவில்லை, பக்கத்தே உள்ளது. ஆயின் இறுதிச் சொல் அதற்கு உரியதன்று என்பது சிற்பியின் தீர்ப்பு. பிழைபொறுக்கும் கையையும் தலைமேல் வைத்த கையையும் ஒரே பாட்டில் இணைத்த புலவரின் நெஞ்சமும் அதுவே.

பாட்டைப் பார்த்துச் சிற்பமோ, சிற்பத்தைப் பார்த்துப் பாட்டோ எழுந்தது எனக் கூறுவது நம் கருத்தன்று. ஒரு கோயிலைச் சார்ந்த இரு கலைகள் ஒரே செயலில் இறைக்காதலைக் கண்டன என்பதே நாம் வற்புறுத்துவது. தொடுதலே அச்செயல். தொடுவதற்குப் பெரியவன் குனிதல் வேண்டும். அங்ஙனமாயின், சண்டேசர் வடிவில் மன்னன் உள்ளான் எனக் கொள்வாரும் ஒன்றை எண்ணுதல் நன்று. வெற்றிமாலை பெறுவோன் நிமிர்ந்து நிற்பான். இவனோ பிழைபொறுக்கப்பட்ட தொண்டனாய்த் தாழ்ந்து அமர்ந்துள்ளான். மன்னனே அவன் எனில், சிற்பம் அவன் வெற்றியைப் பாடவில்லை. அவ்வெற்றியும் பொறுத்தருள வேண்டியதொன்று என்கின்றது.

பதிகத்தின் இறுதிப் பாடலும் இதற்கு அரணாகின்றது. கையேந்திப் பலிகொண்டு திரியும் கருவூர்த்தேவர், தம் சொன்மாலையை ஓதுவோர் ஆணையாழி செலுத்தும் கையுடன் உலகில் அரசு வீற்றிருந்து, சிவனருட் கடலில் திளைப்பர் என்கிறார். அரசு வழங்குவான் ஈண்டு இரவலன். பேரரசன் எடுத்த கோயிலில், அரசினைத் தம் பாட்டின் பயன்களுள் ஒன்றாக்கி யார்க்கும் வழங்கிய இப்புலவரை அரசவைப் புலவர் என்றல் பொருந்தாது.

சோழர் தலைநகர் மறைந்தது. அரண்மனையின் அடித்தளமே எஞ்சியது. கோயிலின் சுற்றுமதிற் கற்களும் 1836-இல் கொள்ளிடத்துக் கீழணை கட்டக் கொண்டு செல்லப்பட்டன. 2004-இல் உலகப் பண்பாட்டுச் சின்னமாக ஏற்கப்பட்ட இக்கோயிலைக் காண வருவோர்க்கு வெற்றிவரலாறே முதலிற் சொல்லப்படுகின்றது. அவ்வரலாற்றோடு பதிகத்தையும் ஒருசேர வைத்துப் படித்தல் தமிழாய்வாளர் கடமையாகும். அங்ஙனம் படிக்கும்போது, திருவிசைப்பா தேவாரத்தின் எதிரொலி என்னும் எண்ணம் நீங்கும். இறைக்காதலைத் தலைவியின் ஏக்கமாக மட்டும் காணும் பழக்கமும் தளரும். கருவூர்த்தேவரும் திரைலோக்கிய சுந்தரப் பதிகத்தில் அகத்துறைக் கூற்றினை ஆண்டவரே. சோளேச்சரத்தில் அதனை விடுத்து, தம்மை நாடி வந்தவனின் காதலைப் பாடினார். பெருமையின் நிலைக்களமாக எழுப்பப்பட்ட கோயிலில் அவர் கண்டது எளிமை. அதுவே அவர் மறவேன் என்றது.